பின்கதவு

பதினான்காயிரத்து எண்ணூற்று அறுபது.
மூன்று பக்கம்.
பட்டணம்காத்தான் ஷோரூமின் குளிர்ந்த அறையில்
சூடு ஆறாத தாளாகக் கொடுத்தார்கள்.
காபி இலவசம் என்று
அந்தப் பெண் இரண்டு தரம் சொன்னாள்.

நான் பில் படிக்கிறவன்.
வண்டி வாங்கும் முன்
மண்டபத்தில் மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதினேன்.
கழிவு, தரகு, ஐஸ் காசு,
எந்த வரிக்குள் எது பதுங்கும் என்று தெரியும்.
எஞ்சின் ஆயில் சரி. ஃபில்டர் சரி.
ஏசி கிருமிநீக்கம் எழுநூறு:
என் ஏசி தை மாதத்திலிருந்து ஓடவில்லை,
கிருமியும் வியர்த்துத்தான் செத்திருக்கும்.
'இதரப் பொருட்கள்' இருநூற்றுப் பதினெட்டு.
விசாரித்தேன். கை துடைத்த துணி.
அடித்தட்டுத் துருத்தடுப்புப் பூச்சு, மூவாயிரத்து இருநூறு.
அதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

தனுஷ்கோடி சவாரி ஓட்டுகிறவன் அதில் பேரம் பேச மாட்டான்.
அரிச்சல்முனையில் ஆட்கள் இறங்கிப்
படம் பிடிக்கிற இருபது நிமிடமும்
காற்று வண்டியை நக்கிக்கொண்டே நிற்கும்.
உப்பு ரசீது தராது.
போன வாரம் பின்கதவின் கீழ் விளிம்பில்
பட்டாணி அளவு கொப்புளம்.
அமுக்கினேன்.
பிஸ்கட் மாதிரி உள்ளே போனது விரல்.

ஆனால் அது பிறகு.
வாரண்டி முடிந்த மறு வாரமே
உச்சிப்புளி தாண்டி
சீனி அசன் ஷெட்டுக்குப் போய்விட்டேன்.
தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்:
ஆயில், ஃபில்டர், பெல்ட், கூலி,
நாலாயிரத்து நூறு.
முன்பக்கம் வியாழன், ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று.
"நூறைத் தள்ளுங்க" என்றேன். தள்ளினார்.
ஷோரூம் கம்ப்யூட்டருக்கு இந்த வித்தை வராது.

பதினோராம் நாள்
பாம்பன் பாலத்தின் உச்சியில் நின்றேன்.
பெல்ட் அறுந்து
கருவாட்டு வால் போலத் தொங்கியது.
பின்னால் அரசு பஸ் அலறியது.
காரைக்குடியிலிருந்து தீர்த்தமாட வந்த நாலு பேரும்
இறங்கி ரயில் பாலத்தைப் பார்த்தார்கள்,
நான் காட்டத்தான் நிறுத்தினேன் என்று நினைத்து.
ஒருவர் நன்றிகூடச் சொன்னார்.

வண்டி இழுக்க ஆயிரத்து எண்ணூறு.
திருப்பிக் கொடுத்த வாடகை இரண்டாயிரம்.
இதையும் காலண்டர் தாளில் எழுதிக் கூட்டினேன்,
மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று.
கூட்டி முடித்ததும் தாளைக் கிழித்தேன்.

"அட்டை கம்பெனி அட்டைதான். மதுரைக்காரன் கழுத்தறுத்துட்டான்."
சீனி அசன் என் முகம் பார்க்காமல் சொன்னார்.
வேறு பெல்ட்டுக்குக் காசு வாங்கவில்லை.

அன்று ஞாயிறு.
என் வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள்.
சறுக்கி வெளியே வந்தது தெரிந்த முகம்.
ஷோரூமில் நீலச் சட்டை, நெஞ்சில் பெயர்: தவசியாண்டி.
இங்கே கைலி.
என்னைக் கண்டதும் ஸ்பேனரை
பீடி மறைப்பதுபோல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அங்க உன் கைக்கு மணிக்கு எண்ணூத்தம்பது போடுறாங்க, தெரியுமா?
பில்லுல இருக்கு."
கையைத் திருப்பிப் பார்த்தான்,
வேறு யாருடையதோ என்பதுபோல.
"எனக்கு மாசமே பதினோராயிரம்ணே."
"இங்க?"
"ஞாயித்துக்கு அறுநூறு. புரோட்டாவும்."

ஒன்று கேட்கத் தோன்றியது. கேட்டிருக்க வேண்டாம்.
"அந்தத் துருப் பூச்சு... நெசமாவே அடிச்சீங்களா?"

அவன் மறுபடி சறுக்கி உள்ளே போனான்.
கொஞ்ச நேரம் நட்டு திருகும் சத்தம்.
பிறகு அடியிலிருந்து குரல் மட்டும்:
"முன்பக்கம் அடிச்சோம்ணே.
அன்னைக்கு டப்பா தீர்ந்துபோச்சு."

மூன்று பக்கம் படித்த எனக்குத் தெரியவில்லை.
உப்புக்குத் தெரிந்திருக்கிறது.
நேராகப் பின்கதவுக்கு வந்திருக்கிறது.